மூன்று எட்டு முன்னால்

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கும் சத்தம் ஒரு நிமிஷம்கூட ஓயாது. கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில் ஓடு வேய்ந்த பழைய மாடிவீடு ஒன்று இருந்தது. கீழே பூட்டிக் கிடந்த குடை ரிப்பேர் கடை, மேலே ஸ்ரீஜித்தின் நெட் கஃபே. 2006 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், தூக்குவாளியில் சோறும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டின் மரப்படியில் ஏறினேன்.

என் பெயர் ரத்னாபாய். சாலைக் கடைத்தெருவில், பிச்சைக்கனி முதலாளியின் துணிக்கடையில் எட்டு வருஷமாக விற்பனைப் பெண். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் தம்பி பிரவின்ராஜுக்குச் சோறு கொண்டுபோவேன். கொண்டுபோகாவிட்டால் அவன் சாப்பிடமாட்டான். பசிக்கிறதா என்று கேட்டால் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்ப்பான். பசியைக்கூட யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டிய நிலைமையில் இருந்தான்.

உள்ளே எப்போதும் இருட்டுதான். ஜன்னல்களில் கறுப்புச் சார்ட் காகிதம் ஒட்டியிருந்தது. சூடான தூசியின் வாடை, வியர்வை வாடை, மீந்துபோன முட்டை பஃப்ஸ் வாடை. பன்னிரண்டு கணினிகள், பன்னிரண்டு தலைகள், எல்லாத் தலையிலும் ஹெட்ஃபோன். தேங்காய் உடைவது அங்கே வந்து சேரும்போது எங்கோ கிணற்றுக்குள் கேட்பது போலிருக்கும்.

பிரவின் பாலிடெக்னிக் முடித்தவன். வேலை தேடித்தான் மார்த்தாண்டத்திலிருந்து என்னோடு வந்து தங்கினான். கிடைத்தது இந்த விளையாட்டு. காலையில் கஃபேயைத் திறந்து, பெருக்கி, திரைகளைத் துடைத்து வைத்தால் மீதிப் பகல் முழுக்க விளையாடிக்கொள்ளலாம் என்று ஸ்ரீஜித் சொல்லியிருந்தான். தம்பிக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் ஏது!

விளையாட்டின் பெயர் ஏழு கோட்டை. ஐந்து பேர் ஒரு குழு. வெவ்வேறு ஊரில் உட்கார்ந்து ஒரே காட்டுக்குள் நடப்பார்கள். குழுவின் தலைவன் முன்னால் போவான். மற்றவர்கள் ஒரு பொத்தானை அழுத்திவிட்டால் போதும், அவர்களுடைய உருவம் தலைவனுக்கு மூன்று எட்டுப் பின்னால் தானாகவே நடக்கும். 'ஃபாலோ போடுவது' என்பார்கள். ஃபாலோ போட்டுவிட்டுத்தான் பிரவின் நான் கொண்டுபோன சோற்றைத் தின்பான். கண் மட்டும் திரையில் இருக்கும்.

அவர்கள் தலைவன் தங்கையன். விழிஞ்ஞத்துக்கு அருகே முக்கோலையில் வீடு. இங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். ஒரு வருஷமாகத் தினமும் காதோடு காதாகப் பேசியவர்கள் ஒருதரம்கூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. விளையாட்டை நிறுத்தும்போதெல்லாம் பிரவின், "மச்சான், போயிட்டு வாறேன்" என்பான். "வா, இங்கேயே நிக்கேன்" என்று அந்தப் பக்கமிருந்து பதில் வரும். ஹெட்ஃபோனுக்கு வெளியே எனக்கே கேட்கும் அளவுக்குக் கனத்த குரல்.

எனக்கு இந்த விளையாட்டின் மேல் ஆத்திரம் வந்தது அப்பாவின் அடக்கத்தன்று. எங்கள் அப்பா வேதமாணிக்கம் போன வருஷம் காலமானார். பெட்டிக்குப் பக்கத்தில் பிரவின் நின்றான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அவனுடைய இடதுகை விரல்கள் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன. நடுவிரல், நடுவிரல், மோதிரவிரல், மறுபடி நடுவிரல். விளையாட்டில் முன்னால் நடப்பதற்கு நடுவிரலால்தான் தட்ட வேண்டும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பாவைக் குழிக்குள் இறக்கும்போது அவன் எங்கோ நடந்துகொண்டிருந்தான்.

"எலேய், உனக்க அப்பாதானேடே? உனக்குக் கண்ணீர் வரல்லியா?" என்று அன்றைக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"அழணும்னு நினைச்சேன் அக்கா. வரல்ல."

பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்றிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் தம்பி ஒருதரம் அழ வேண்டும்.

அந்த வியாழக்கிழமை நான் தூக்குவாளியை வைத்ததும் பிரவின் ஹெட்ஃபோனைக் கழற்றினான். அவனாகக் கழற்றி நான் பார்த்ததே இல்லை.

"தங்கையன் செத்துப் போனான் அக்கா. எலிக்காய்ச்சலாம். காய்ச்சலோட நாலு நாள் விளையாடியிருக்கான். அவன் அண்ணன் இப்பத்தான் ஃபோன் பண்ணினாரு."

கரண்ட் போய்விட்டது என்று சொல்வதற்குக்கூட இதைவிடக் கொஞ்சம் வருத்தம் இருக்கும். சொல்லிவிட்டு ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டான். மற்ற மூன்று பேர் காட்டுக்குள் காத்திருந்தார்களாம்.

*

மறுநாள் அவனை முக்கோலைக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். முன்பின் தெரியாத ஒரு பையனுக்காக வருத்தப்பட்டு என்று சொன்னால் அது பொய். துட்டி வீட்டில் கூட்டத்தோடு நின்றால் இவனுக்கும் அழுகை வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவ்வளவுதான்.

ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சின்ன வீடு. வாசலில் வேலியோரம் செம்பருத்தி. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, காற்றில் மட்டும் உப்பு இருந்தது. முன்னறையில் பெட்டி. பெண்கள் ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அறை மூலையில் ஒரு கணினி, அதன்மேல் துண்டு போர்த்தியிருந்தது.

பிரவின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். மெலிந்த முகம், அரும்பு மீசை. "இவனா?" என்று என் காதில் கேட்டான். "குரலை வச்சு நல்ல தடியன்னு நினைச்சிருந்தேன்." அவன் விரல்கள் தொடையில் தட்டத் தொடங்கியிருந்தன.

துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அங்கே போய் 'போயிட்டு வாறேன்' என்று வாய்தவறிக்கூடச் சொல்லக்கூடாது. எங்கள் சபையில் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்பார்கள். ஆனாலும் பாதிரியார் உட்பட யாரும் சொல்வதில்லை.

பிரவின் பெட்டியின் பக்கம் குனிந்தான். தினமும் சொல்லும் அதே குரலில் சொன்னான்.

"மச்சான், போயிட்டு வாறேன்."

பாட்டு நின்றது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தங்கையனின் அம்மா லீலாபாய் தலையைத் தூக்கி என் தம்பியைப் பார்த்தார். கோபம் இல்லை. கண் வறண்டு போயிருந்தது.

"அப்போ வரணும், கேட்டியா மக்களே" என்றார். "வாறேன்னு சொல்லிட்டு வராம இருக்கப்பிடாது. அவன் நின்னுட்டே இருப்பான்."

நான் அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். பஸ் வந்தது. ஏறப்போன பிரவின் படியருகே நின்று ஒதுங்கினான், யாரையோ முன்னால் ஏறவிடுவது போல. ஏற யாருமில்லை. கண்டக்டர் இரட்டை மணி கொடுத்துவிட்டார், அவன் ஓடிப்போய்த் தொற்றி ஏறினான். இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரத்தைக் காலியாக விட்டுவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தான். நான் பின்னால் உட்கார்ந்து அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். நாங்கள் இறங்கும் கிழக்கேகோட்டை வரும்வரை, நின்றுகொண்டு வந்தவர்களில் ஒருவர்கூட அங்கே உட்காரவில்லை.

*

ஓண வியாபாரம் தொடங்கியதால் ஒரு வாரமாக மத்தியானத்தில் கடையை விட்டு என்னால் நகர முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை சோறு கொண்டுபோனபோது ஸ்ரீஜித் படியிலேயே என்னை நிறுத்தினான்.

"சேச்சி, பிரவின் எவிடே? ஒரு வாரமாயி இங்ஙோட்டு வந்நிட்டில்லல்லோ."

ஒரு வாரமாக அங்கே போகவில்லையாம்! எனக்குச் சந்தோஷம்தான். விளையாட்டை விட்டுவிட்டான், வேலை தேடுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தூக்குவாளியோடு சாலை வழியாகக் கடைக்குத் திரும்பினேன். ஓணம் நெருங்கிவிட்டது. கடைத்தெருவில் எள் போட இடமில்லை. வாழைக்குலை ஏற்றிய கைவண்டிகள், மிளகாய் மூட்டைகள், தலைச்சுமையோடு கத்திக்கொண்டு வரும் ஆட்கள்.

அந்தக் கூட்டத்தில் பிரவினைப் பார்த்தேன். எதிர்ப்பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தான். கூப்பிட வாயெடுத்தேன்.

கூப்பிடவில்லை.

அவனுக்கு மூன்று எட்டு முன்னால் ஓர் இடைவெளி இருந்தது.

ஒரு ஆள் நிற்கும் அளவு இடம். ஜனங்கள் அதன் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போனார்கள், அதற்குள் மட்டும் யாரும் வரவில்லை. எதிரே வந்த கைவண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, யாருக்கோ வழிவிட்டு, பிறகு தள்ளினார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நடுத்தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து நகர்ந்தது.

இடைவெளி நகர்ந்தது. பின்னால் பிரவின் நடந்தான்.

இடைவெளி ஒரு மூட்டையைச் சுற்றி வளைந்தது. அவனும் அதே இடத்தில் வளைந்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரியசாலையில் எங்கள் அறைக்கு வந்தான். செருப்பு முழுக்கச் செம்மண். கால் விரலில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்திருந்தது, அவனுக்கு அது தெரியவில்லை. நான் துணியை நனைத்துத் துடைத்தேன்.

"எங்கடே போனே?"

"தங்கையன் கூட."

என் கை நின்றுவிட்டது. "எவ்வளவு தூரம்?"

"முதல்ல அட்டக்குளங்கரை வரை. பின்னே மணக்காடு, அம்பலத்தறை. இன்னிக்குத் திருவல்லம் பாலம். நாளைக்கு இன்னும் கொஞ்சம் போவான். வாறேன்னு சொன்னேன்லா அக்கா."

"அவன் உன்கிட்ட பேசுறானா?"

"இல்ல. முன்னால போறான். நான் ஒண்ணும் செய்யண்டாம். கால் தானா போகும்."

"உனக்குப் பயமா இல்லியா பிரவின்?"

கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தான்.

"தெரியல்ல" என்றான்.

திருவல்லத்தைத் தாண்டினால் வாழமுட்டம், கோவளம், பிறகு முக்கோலை. அதற்கும் அப்பால் கடல். அது இவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும்?

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஓண வியாபாரத்துக்காகக் கடை திறந்திருந்தது. முதலாளியிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு பிரவினின் பின்னாலேயே போனேன். அவன் சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் அந்த இடைவெளி அவன் முன்னால் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று பார்க்க முடியவில்லை. கூட்டம் தானாக விலகியது, அவ்வளவுதான்.

எனக்கு முன்கோபம் அதிகம். என் தம்பியை எனக்குத் தெரியாத ஒருத்தன் இழுத்துக்கொண்டு போகிறான் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? 'ஏசுவே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, இரண்டு பெண்களை இடித்துத் தள்ளிவிட்டு, அந்த இடைவெளிக்குள் போய் நின்றேன்.

குளிரவில்லை. யாரும் என்னைத் தொடவில்லை.

அங்கே ஒன்றும் இல்லை.

கடைத்தெருவின் மிளகு வாடை இல்லை. சத்தம் இல்லை. வெயில் தெரிந்தது, சுடவில்லை. பக்கத்தில் ஒரு குழந்தை வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது, அதைப் பார்த்தேன், பார்த்தேன், அவ்வளவுதான். அப்பா செத்துப் போனது ஞாபகம் வந்தது. செய்தித்தாளில் யாரோ ஒருவரைப் பற்றி வாசிப்பது போல வந்தது. என் கால்கள் முன்னால் நகர ஆரம்பித்தன. நான் நகர்த்தவில்லை. அது சுகமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

எதிரே வந்த மூட்டை ஒன்று தோளில் இடித்து நான் வெளியே விழுந்தேன். சத்தமும் வாடையும் வெயிலும் ஒன்றாக என்மேல் வந்து விழுந்தன. தெருவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

இத்தனை நாளாக என் தம்பி இதற்குள்தான் இருந்திருக்கிறான். தங்கையன் சாவதற்கு முன்பிருந்தே. அப்பா சாவதற்கும் முன்பிருந்தே. நான் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேனே!

சொன்ன வாக்கை முடித்துவிட்டால்தான் இது விடும் என்று எனக்குத் தோன்றியது. அவன் நடந்து கடல்வரை போவதற்குள் நானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். எழுந்து ஓடி, கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் அவன் கையைப் பிடித்தேன். விழிஞ்ஞம் பஸ்ஸில் ஏற்றினேன். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"உள்ள போ. வந்துட்டேன்னு சொல்லு. திரும்பும்போது ஒண்ணும் சொல்லப்பிடாது. வாயைத் திறக்கப்பிடாது. மனசிலாச்சா?"

தலையாட்டினான். ஜன்னலோர இடம் காலியாகத்தான் இருந்தது.

லீலாபாய் வாசலிலேயே நின்றார். எங்களைக் கண்டு அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"வந்தியா மக்களே. உள்ள வா."

முன்னறையில் இப்போது பெட்டி இல்லை. மூலையில் அதே கணினி, அதே துண்டு. சுவர் ஆணியில் ஒரு ஹெட்ஃபோன் தொங்கியது. அதன் வயர் எதிலும் செருகப்படாமல் தரைவரை ஆடிக்கொண்டிருந்தது. பிரவின் அதற்கு எதிரே போய் நின்றான்.

"மச்சான்" என்றான். "வந்துட்டேன்."

ஹெட்ஃபோனுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

நெடுநேரம் நின்ற ஒருவர் கடைசியில் உட்காரும்போது விடும் மூச்சு.

லீலாபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிரவினின் விரல்கள் தட்டுவதை நிறுத்தின. அவன் தன் இடதுகையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தான். "அக்கா, காலு வலிக்கி" என்றான். அதைத்தான் முதலில் சொன்னான். அடுத்து, "அப்பா" என்றான். ஒரு வருஷத்து அழுகை. அப்பாவுக்காகவும் தங்கையனுக்காகவும் சேர்த்து அழுதான். லீலாபாய் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

பாலில்லாத கட்டன்சாயா குடித்தோம். கிளம்பும்போது பிரவின் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லீலாபாயும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலிக்கதவைத் தாண்டி ரோட்டோரம் நின்று ஆட்டோவுக்குக் காத்திருந்தோம். ஒரு கோழி பிரவினுக்கு முன்னால், மிக அருகில், குறுக்கே ஓடியது. அவன் முன்னால் இப்போது எந்த இடைவெளியும் இல்லை.

பின்னால் வேலிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

செம்பருத்திக் கிளை ஒதுங்கியது. மறுபடி நேரானது. காற்று இல்லை.

ஏதோ ஒன்று எங்களைத் தாண்டி, கடல் பக்கம் இறங்கும் வழியில் போனது. தனியாகப் போனது. யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பிச்சைக்கனி முதலாளியின் கடையில் ஒரு சட்டம் உண்டு. துணி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், வாசலைத் தாண்டும் ஒவ்வொருவரிடமும் சிரித்த முகத்தோடு சொல்லியாக வேண்டும். எட்டு வருஷமாகச் சொல்கிறேன். தூக்கத்தில்கூடச் சொல்கிறேன் என்று பிரவின் ஒருகாலத்தில் கேலி செய்வான். வாசலைத் தாண்டி ஒருவர் போனால் என் வாய் என்னைக் கேட்காது.

தலையைச் சாய்த்து, சிரித்து, சொல்லிவிட்டேன்.

"போயிட்டு வாங்க."

பிரவின் அழுது சிவந்த கண்ணோடு என்னைப் பார்த்தான்.

"யார்கிட்ட அக்கா சொன்னே?"

*

பிரவின் இப்போது தம்பானூர் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போகிறான். சிரிக்கிறான், என்னோடு சண்டை போடுகிறான், டிவி பார்த்துக்கூட அழுகிறான். ஸ்ரீஜித்தின் படியை அதற்குப்பின் மிதிக்கவே இல்லை.

ஓணத்துக்கு முந்தின நாள் எங்கள் கடையில் நிற்க இடமில்லை. ஜரிகைக்கரை போட்ட கசவு முண்டுக்கும் சேலைக்கும் ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். என் கண்ணாடி மேஜைக்கு எதிரே மட்டும் யாரும் வரவில்லை. ஒரு ஆள் நிற்கும் அளவு இடம். வலது பக்கமும் இடது பக்கமும் நின்று கையை நீட்டித் துணி கேட்டார்கள். நான் எடுத்துக் கொடுத்தேன், மடித்தேன், அளந்தேன்.

பயப்பட வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை.

சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு பக்கத்து மேஜைப் பெண், "அக்கா, என்ன தாளம் போடுதிய?" என்று கேட்டாள். என் இடதுகையைப் பார்த்தேன். நடுவிரல் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தது. அந்த விளையாட்டை நான் ஒருநாளும் விளையாடியதில்லை.

நேற்று மத்தியானம் கடைக்கு பிரவின் எனக்குச் சோறு கொண்டுவந்தான். ஓணம் முடிந்துவிட்டதால் கடையில் ஆளே இல்லை. வாசலிலிருந்து என் மேஜைவரை நேராக நடந்து வரலாம். அவன் பாதி வழியில் நின்று, ஓரமாக ஒதுங்கி, சுற்றிக்கொண்டு வந்தான். சுற்றி வந்தது அவனுக்கே தெரியவில்லை.

தூக்குவாளியைத் திறந்து வைத்தான். மீன்குழம்பு. எதிரே யாரோ பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"பசிக்கா அக்கா?" என்று கேட்டான்.

நான் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன்.